மாதிரி, காட்சி, கட்டுப்பாடு: ஒரு பிரிவினையின் வரலாறு

இணையச் செயலி எழுதப் பழக எண்ணி, ரெயில்ஸ், லாராவெல் போன்றதொரு சட்டகத்தை உங்கள் கணிப்பொறியில் நிறுவுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சட்டகம் என்பது, வீடு கட்ட வருபவருக்குத் தூணும் உத்திரமும் முன்னரே நிறுத்தித் தரப்படுவதைப் போன்றது. முதல் ஆணையைக் கொடுத்ததும், நீங்கள் ஒரு வரிகூட எழுதாமலே பற்பல கோப்புறைகள் வந்து நிற்கும். அவற்றுள் மூன்றின் பெயர்கள் மாடல், வியூ, கன்ட்ரோலர். தமிழில் மாதிரி, காட்சி, கட்டுப்பாட்டாளர் எனலாம்.

பாடநூல்கள் இம்மூன்றுக்கும் ஆளுக்கொரு வரியில் இலக்கணம் சொல்லிவிட்டு அப்பால் போய்விடுகின்றன. மாணவரும் அதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடுகிறார். ஆனால் சொந்தமாக ஒரு செயலி எழுத உட்காரும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. இந்த வரி இம்மூன்றில் எதனுள் போக வேண்டும்? இலக்கணம் இதற்கு விடை சொல்லாது. இந்தப் பிரிவினை எந்த இடர்ப்பாட்டைத் தீர்க்கத் தோன்றியது என்பது தெரிந்தால் விடை ஓரளவு தானே கிடைக்கும். அதைத் தெரிந்துகொள்ள நாம் இணையத்தை விட்டு, அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முந்திய நார்வே நாட்டுக் கப்பல் கட்டும் தளத்திற்குச் செல்ல வேண்டும்.

கப்பலும் கணிப்பொறியும்

1960-களின் தொடக்கத்தில், ஆஸ்லோ நகரின் மையத் தொழில் ஆராய்ச்சி நிலையத்தில் திரிக்வே ரீன்ஸ்காக் என்பவர் பணியாற்றிவந்தார். கப்பலின் உடற்பகுதியைக் கணிப்பொறியின் துணையுடன் வடிவமைக்கும் ‘ஆட்டோகான்’ என்னும் அமைப்பை அவர் உருவாக்கினார். 1963-இல் அது ஸ்டோர்டு கப்பல் தளத்தில் பயனுக்கு வந்தது. கப்பலைப் பற்றிய விவரங்கள் யாவும் நடுவில் ஒரே களஞ்சியத்தில் இருக்கும். அதனைச் சுற்றிப் பல நிரல்கள் தத்தம் வேலையைச் செய்யும். கப்பலின் வளைவு எத்தகையது என்பதை வரைபடம் தீட்டும் நிரலும் எஃகுத் தகடு வெட்டும் எந்திரத்துக்கு ஆணை தயாரிக்கும் நிரலும் தனித்தனியே வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? வரைபடத்தில் ஒரு கப்பலும் தளத்தில் வேறொரு கப்பலும் உருவாகும்.

கப்பலை வரைவது ஒரு வேலை. அதைக் கட்டும் பணியைத் திட்டமிடுவது மற்றொரு வேலை. எந்தப் பணி முடிந்த பின் எதைத் தொடங்குவது, எத்தனை நாள் பிடிக்கும் என்பனவற்றை ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகையில் பார்க்க விரும்புவர். ஒருவருக்குப் பணிகளின் பட்டியல் போதும். இன்னொருவருக்கு நாள்வாரியாக நீளும் பட்டைகள் வேண்டும். மூன்றாமவர், எது எதைச் சார்ந்திருக்கிறது என்று காட்டும் வலைப்படம் கேட்பார். விவரம் ஒன்றுதான், பார்வைகள்தாம் மூன்று. பட்டைப் படத்தில் ஒரு பணியின் நாளைத் தள்ளிவைத்தால், வலைப்படத்திலும் அது அப்போதே தள்ளிப்போக வேண்டும் அல்லவா?

பாலோ ஆல்ட்டோவில் ஓராண்டு

இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் ரீன்ஸ்காக் 1978-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்திலுள்ள பாலோ ஆல்ட்டோவுக்குச் சென்றார். அங்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி மையம் 1970 முதல் இயங்கிவந்தது. சுட்டெலியும் படம் காட்டும் திரையும் கொண்ட ‘ஆல்ட்டோ’ கணிப்பொறி 1973-லேயே அங்குப் பிறந்துவிட்டது. ஆலன் கே, அடீல் கோல்ட்பெர்க், டான் இங்கால்ஸ் முதலியோர் அடங்கிய குழு ‘ஸ்மால்டாக்’ என்ற நிரல்மொழியை அங்கு வளர்த்துக்கொண்டிருந்தது. அம்மொழி, ஆஸ்லோவிலேயே தாலும் நைகார்டும் படைத்த ‘சிமுலா’ மொழியிடம் கடன்பட்டது. நார்வேயிலிருந்து போன கருத்தைத் தேடி நார்வேக்காரரே போனார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

1979 மே மாதம் ரீன்ஸ்காக் ஒரு குறிப்பு எழுதினார். அதில் பெயர்கள் நான்கு: பொருள், மாதிரி, காட்சி, தொகுப்பி. சொற்களைத் தேர்வதே பெரும்பாடாக இருந்தது. அடீல் கோல்ட்பெர்க்குடன் பலமுறை விவாதித்த பின், அதே ஆண்டு டிசம்பர் 10 நாளிட்ட குறிப்பில்தான் மாடல், வியூ, கன்ட்ரோலர் என்ற மூன்றும் நிலைபெற்றன. அவர் ஊர் திரும்பிய பின் ஜிம் அல்தாஃப் முதலியோர் இதனை ஸ்மால்டாக்-80 மொழியில் தம் வழியில் நிறைவேற்றினர். 1988-இல் கிராஸ்னர், போப் ஆகிய இருவரும் எழுதிய விளக்கக் கட்டுரை இதனைப் பலருக்கும் கொண்டுசேர்த்தது.

ஸ்மால்டாக்-80 இதனை இயக்கிய விதத்தைச் சற்று நின்று கவனியுங்கள். மாதிரிக்குக் காட்சிகளைப் பற்றி எதுவும் தெரியாது. தன்னை நம்பியிருப்போரின் பட்டியல் ஒன்று மட்டும் உண்டு. தன்னுள் ஏதேனும் மாறினால் ‘நான் மாறிவிட்டேன்’ என்று அப்பட்டியலிலுள்ள அனைவருக்கும் அறிவித்துவிட்டு அது தன் வேலையைப் பார்க்கும். அறிவிப்பைக் கேட்ட ஒவ்வொரு காட்சியும் மாதிரியிடம் வேண்டியதைக் கேட்டறிந்து தன்னைத் தானே திருத்தி வரைந்துகொள்ளும். விசையையும் சுட்டெலியையும் கவனிப்பது கட்டுப்பாட்டாளர். நாளை நான்காவது காட்சி ஒன்று வேண்டுமானாலும் மாதிரியில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். ரீன்ஸ்காக்கின் நோக்கம் நிரலாளர்களின் வசதி அன்று. திரைக்கு முன் இருப்பவர் தம் மனத்தில் வேலையைப் பற்றி ஒரு வடிவம் வைத்திருக்கிறார். கணிப்பொறிக்குள் வேறொரு வடிவம் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் பாலம் இது என்பதே அவர் விளக்கம். அவர் வரைந்த படத்தில் அந்த மனிதரும் இருப்பார். நம் பாடநூல்களின் படங்களில் பெரும்பாலும் அம்புக்குறிகள் மட்டுமே இருக்கின்றன.

இணையம் குறுக்கிட்டது

1989-இல் டிம் பெர்னர்ஸ்-லீ முன்மொழிந்த வையவிரிவு வலை, எழுதிவைத்த பக்கங்களை அனுப்புவதற்காகவே அமைந்தது. உலாவி ஒரு பக்கம் கேட்கும். வழங்கி அதை அனுப்பும். அத்துடன் உறவு முறிந்தது. அடுத்த முறை கேட்பவர் அவர்தாமா என்பதுகூட வழங்கிக்குத் தெரியாது. இந்நிலையில் ‘நான் மாறிவிட்டேன்’ என்று மாதிரி யாரிடம் அறிவிக்கும்?

1993-இல் சி.ஜி.ஐ. முறை வந்தது, 1995-இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் பி.எச்.பி. கருவிகளை வெளியிட்டார். கேட்கும்போதே பக்கத்தைத் தயாரித்தளிப்பது எளிதாயிற்று. எளிமையோடு குழப்பமும் வந்தது. நூலகம் ஒன்றின் பக்கத்தை எண்ணிப் பாருங்கள். ஒரே கோப்பில் முதலில் தரவுத்தளத்திடம் வினா, அடுத்துத் தாமத அபராதக் கணக்கு, அதனூடே கட்டத்தின் நிறம், எழுத்தின் அளவு. நினைவூட்டும் கடிதம் அச்சிடும் கோப்பிலும் அதே அபராதக் கணக்கு மறுபடியும் எழுதப்பட்டிருக்கும். நூலகர் அபராத விதியை மாற்றச் சொல்கிறார். ஓரிடத்தில் மாற்றி மற்றோரிடத்தில் மறந்துவிட்டால், ஒரே நூலுக்குத் திரையில் ஒரு தொகை, கடிதத்தில் வேறு தொகை. கப்பல் தளத்தின் பழைய நோய்தான் இது.

மருந்தும் பழையதே. ஜாவா உலகில் 1998-இல் ‘இரண்டாம் மாதிரி’ என்றொரு முறை பேசப்பட்டது. 1999 டிசம்பரில் கோவிந்த் சேஷாத்ரி எழுதிய கட்டுரை அதனை மாடல்-வியூ-கன்ட்ரோலர் என்றே அடையாளம் காட்டிற்று. 2000-இல் கிரெய்க் மெக்லானஹன் ‘ஸ்ட்ரட்ஸ்’ சட்டகத்தைத் தொடங்கினார். அது பிரிவினையைச் செம்மையாகச் செய்தது. ஆனால் எந்த வேண்டுகோள் எந்த நிரலுக்குப் போக வேண்டும் என்பதையெல்லாம் தனிக் கோப்பில் பட்டியலிட்டாக வேண்டும். எழுதியவர்கள் பெருமூச்சு விட்டனர்.

2004-இல் டென்மார்க்கைச் சேர்ந்த டேவிட் ஹைன்மையர் ஹான்சன், தாம் எழுதிய ‘பேஸ்கேம்ப்’ செயலியிலிருந்து பிரித்தெடுத்து ரெயில்ஸை வெளியிட்டார். பெயரிடுவதில் ஓர் ஒழுங்கைப் பின்பற்றினால் பட்டியல் எழுதவே வேண்டாம் என்பது அவர் கொள்கை. மாதிரிக்கு ‘புக்’ என்று பெயரிட்டால் ‘புக்ஸ்’ என்ற அட்டவணையைச் சட்டகமே தேடிக்கொள்ளும். ‘பெர்சன்’ என்றால் ‘பீப்பிள்’ என்று கண்டுகொள்ளும். நம்மவர் சிலர் இங்கே இடறுவதுண்டு. ‘நூல்’ என்று ஆங்கில எழுத்தில் பெயரிட்டால், அது ‘நூல்கள்’ என்று அறியாது. ‘நூல்ஸ்’ என்ற அட்டவணை எங்கே என்று கேட்கும்! வேண்டிய பன்மை விதியை நாமே சொல்லித்தரவும் வழி உண்டு.

அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தின் செய்தித்தாள் ஒன்றில் உருவாகி 2005-இல் வெளிவந்த ‘ஜாங்கோ’ பெயர்களையே மாற்றிக்கொண்டது. பிறர் கட்டுப்பாட்டாளர் என்பதை அது ‘வியூ’ என்கிறது. பிறர் காட்சி என்பது அதில் ‘டெம்ப்ளேட்’. ஒன்றைக் கற்று மற்றொன்றுக்குத் தாவுவோர் இதனை நினைவில் வைக்க வேண்டும்.

உங்கள் முதல் செயலி

இனி அந்த நூலகத்தையே எழுதத் தொடங்குங்கள். பன்னிரண்டாம் எண்ணுள்ள நூலை உலாவி கேட்கிறது. முகவரியைப் பார்த்து, இது எந்தக் கட்டுப்பாட்டாளருக்கு உரியது என்று வழிகாட்டும் பகுதி தீர்மானிக்கிறது. கட்டுப்பாட்டாளர் மாதிரியிடம் ‘12-ஆம் நூலைக் கொடு’ என்கிறார். மாதிரி தரவுத்தளத்திலிருந்து எடுத்துத் தருகிறது. கட்டுப்பாட்டாளர் அதைக் காட்சியிடம் ஒப்படைக்க, காட்சி பக்கமாக்குகிறது. பக்கம் உலாவிக்குப் போனதும் மூவரின் வேலையும் முடிந்தது.

அபராதக் கணக்கு எங்கே? திரையே இல்லாமல், பழைய பேரேட்டை வைத்து நூலகம் நடந்தாலும் அந்த விதி உண்டல்லவா? எனவே அது மாதிரிக்கு உரியது. தாமதமான நூலைச் சிவப்பில் காட்டுவது திரைக்காக மட்டுமே; அது காட்சிக்கு உரியது. உறுப்பினர் அல்லாதவர் கேட்டால் நுழைவுப் பக்கத்துக்குத் திருப்பியனுப்புவது கட்டுப்பாட்டாளரின் வேலை. தொடக்கத்தில் பலரும் எல்லாவற்றையும் கட்டுப்பாட்டாளரில் கொண்டுபோய்த் திணிப்பதைக் காண்கிறோம். நினைவூட்டும் கடிதம் எழுதும் நாளில் அவர்களுக்கு அந்தக் கணக்கு மறுபடியும் தேவைப்படும்.

2005-க்குப் பின், பக்கம் முழுவதையும் மறுபடி கேட்காமல் சிறு பகுதியை மட்டும் வரவழைக்கும் அஜாக்ஸ் முறை பரவியது. 2010-இல் வந்த ஆங்குலர்-ஜே.எஸ். போன்றவை மாதிரியை உலாவிக்குள்ளேயே வைத்தன. தரவு மாறியதும் திரை தானே மாறும் பழைய ஏற்பாடு இவ்வாறு திரும்பி வந்தது. 2024-இல் மறைந்த ரீன்ஸ்காக் இவை அனைத்தையும் கண்டார். நீங்கள் உலாவிப் பக்கத்துச் சட்டகங்களுக்கு விரைய வேண்டாம். முதலில் வழங்கியில் ஒரே ஒரு மாதிரியும் இரண்டு காட்சிகளுமாக, நூல் பட்டியலும் நினைவூட்டும் கடிதமும் ஒரே அபராதத் தொகையைக் காட்டும்படி எழுதிப் பாருங்கள்.