ஜோசப் ராட்பிளாட்: மனிதநேயமும் சமாதானப் பணியும்

ஜோசப் ராட்பிளாட் (4 நவம்பர் 1908 – 31 ஆகஸ்ட் 2005) போலந்தில் பிறந்த பிரிட்டிஷ் இயற்பியலாளர். அமெரிக்காவின் அணுகுண்டுத் திட்டமான மான்ஹாட்டன் திட்டத்திலிருந்து மனசாட்சிக்குக் கட்டுப்பட்டு வெளியேறிய ஒரே விஞ்ஞானியாக அறியப்படுகிறார். 1995ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசு இவருக்கும், இவர் கட்டி வளர்த்த பக்வாஷ் மாநாட்டு அமைப்புக்கும் சரிபாதியாக வழங்கப்பட்டது.

வார்சாவில் வசதியான யூதக் குடும்பத்தில் பிறந்தார். முதல் உலகப் போரில் தந்தையின் தொழில் நொடித்துப்போகவே, சிறுவயதில் பசியையும் பார்த்தார். எலக்ட்ரீஷியனாக வேலை செய்துகொண்டே இயற்பியல் படித்தார். நியூட்ரானைக் கண்டறிந்த ஜேம்ஸ் சாட்விக்கிடம் பணியாற்ற 1939இல் லிவர்பூல் சென்றார். அந்த ஆகஸ்டில் மனைவி டோலாவை அழைத்துவர ஊர் திரும்பியபோது, குடல்வால் அறுவை சிகிச்சை முடிந்து அவர் பயணம் செய்ய முடியாத நிலையில் இருந்தார். பின்னால் வந்துவிடுவார் என்ற நம்பிக்கையில் ராட்பிளாட் மட்டும் கிளம்பினார். சில நாட்களில் ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்தது. டோலா யூதப் படுகொலையில் மாண்டார். ராட்பிளாட் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

ஹிட்லரின் கையில் குண்டு கிடைத்துவிட்டால் என்ன ஆகும் என்ற அச்சம்தான் அவரை 1944 தொடக்கத்தில் மான்ஹாட்டன் திட்டத்தின் ஆய்வுக்கூடம் இருந்த லாஸ் அலமோஸுக்குக் கொண்டுசென்றது. எதிரியிடம் குண்டு இருந்தால் நம்மிடமும் இருக்க வேண்டும், அப்போதுதான் அவன் பயன்படுத்தத் தயங்குவான் என்று அன்று நம்பினார். ஹிட்லர் போன்ற ஒருவனிடம் அந்தக் கணக்கு எடுபட்டிருக்காது என்று பிற்பாடு அவரே எழுதினார். அந்த ஆண்டு மார்ச்சில், லாஸ் அலமோஸில் சாட்விக் தங்கியிருந்த வீட்டில் நடந்த விருந்தொன்றில், குண்டின் உண்மையான நோக்கம் சோவியத் யூனியனை அடக்குவதே என்று திட்டத் தலைவரான ஜெனரல் லெஸ்லி குரோவ்ஸ் சொன்னதாக ராட்பிளாட் பதிவுசெய்திருக்கிறார். ஹிட்லரை வீழ்த்த உயிரைக் கொடுத்துக்கொண்டிருந்த நாடல்லவா அது! ஜெர்மனி குண்டு முயற்சியைக் கைவிட்டது என்ற உளவுத் தகவல் ஆண்டிறுதியில் வந்ததும் அவர் விலகினார்.

விலகல் எளிதாக இல்லை. சோவியத் உளவாளி என்ற சந்தேகம் அவர்மேல் விழுந்தது. உண்மைக் காரணத்தைச் சக விஞ்ஞானிகளிடம் சொல்லக் கூடாது, மனைவியைப் பற்றிய கவலையால் போவதாகச் சொல்ல வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். பிரிட்டனுக்குத் திரும்பும் வழியில், வாஷிங்டனிலிருந்து நியூயார்க் சென்ற ரயிலில் அவருடைய ஆய்வுக் குறிப்புகளும் கடிதங்களும் அடங்கிய பெட்டி காணாமல் போனது, திரும்பக் கிடைக்கவேயில்லை. ஹிரோஷிமா செய்தியைக் கேட்டபின் மருத்துவ இயற்பியலுக்கு மாறி, லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனைக் கல்லூரியில் பேராசிரியரானார்.

1954 மார்ச் 1 அன்று பிக்கினி தீவில் அமெரிக்கா வெடிக்கச் செய்த ஹைட்ரஜன் குண்டின் கதிரியக்கச் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின்மேல் கொட்டியது. ஜப்பானிய இயற்பியலாளர் நிஷிவாக்கி தந்த அளவீடுகளைக் கொண்டு, வெளியே சொல்லப்பட்டதைவிடப் பலமடங்கு நச்சு கக்கும் குண்டு அது என்பதை ராட்பிளாட் கணக்கிட்டுக் காட்டினார். அவருடைய சமாதானப் பணியின் பலமே இதில்தான் இருக்கிறது என்று கூறலாம். வெறும் உபதேசமாக இல்லாமல், ஆய்வுக்கூட எண்களோடு பேசினார்.

1955 ஜூலை 9 அன்று லண்டன் காக்ஸ்டன் ஹாலில், அணு ஆயுத ஆபத்தை எச்சரித்த ரஸ்ஸல்–ஐன்ஸ்டைன் அறிக்கையை வெளியிட்ட செய்தியாளர் கூட்டத்துக்கு அவரே தலைமை வகித்தார். கையெழுத்திட்ட 11 பேரில் வயதில் இளையவர் அவர். அறிக்கை கோரிய விஞ்ஞானிகள் மாநாட்டைப் புதுதில்லியில் கூட்டத் திட்டமிட்டிருந்தார்கள். சூயஸ் நெருக்கடி குறுக்கிட்டது. கடைசியில் 1957 ஜூலையில், தொழிலதிபர் சைரஸ் ஈட்டனின் உதவியோடு, கனடாவின் பக்வாஷ் என்ற கடலோரக் கிராமத்தில் 10 நாடுகளைச் சேர்ந்த 22 விஞ்ஞானிகள் கூடினர். அரசின் பிரதிநிதியாக அல்லாமல் தனிமனிதராக வர வேண்டும் என்பது பக்வாஷ் விதி. பனிப்போர்க் காலத்தில் இரு தரப்பு நிபுணர்களும் மனம்விட்டுப் பேச அது இடம் கொடுத்தது. 1963ஆம் ஆண்டின் பகுதி அணுச் சோதனைத் தடை ஒப்பந்தத்துக்கும் 1972ஆம் ஆண்டின் உயிரியல் ஆயுத உடன்படிக்கைக்கும் களம் அமைத்ததில் இந்தக் கூட்டங்களுக்குப் பங்குண்டு. 1973 வரை பொதுச்செயலாளர் பொறுப்பை ராட்பிளாட்டே சுமந்தார்.

மருத்துவர்கள் எடுக்கும் உறுதிமொழியைப் போல விஞ்ஞானிகளும் பட்டம் பெறும்போது உறுதியேற்க வேண்டும் என்று வற்புறுத்தினார். இஸ்ரேலின் அணு ஆயுத ரகசியத்தை 1986இல் வெளியிட்டு 18 ஆண்டுகள் சிறையிலிருந்த மொர்தெகாய் வனுனுவின் விடுதலைக்குக் குரல் கொடுத்ததோடு, அவர் பெயரை நோபல் அமைதிப் பரிசுக்கும் திரும்பத் திரும்பப் பரிந்துரைத்தார்.