நாள்பட்ட இரத்த நோய் உள்ளவர்களுக்கு ஏற்படும் தோல் பூஞ்சைத் தொற்றுகள்

படர்தாமரை, தேமல், சேற்றுப்புண் ஆகியவை வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நம் மாநிலத்தில் பரவலாகக் காணப்படும் பூஞ்சைத் தொற்றுகள். பெரும்பாலானோருக்கு இவை அரிப்பும் சங்கடமும் தரும் தொல்லைகள் மட்டுமே. ஆனால் தலசீமியா, அரிவாள் செல் நோய், அப்ளாஸ்டிக் அனீமியா, நாள்பட்ட இரத்தப் புற்றுநோய் போன்றவற்றுக்காகத் தொடர் சிகிச்சை பெறுபவர்கள் இவற்றைக் கூடுதல் கவனத்துடன் அணுக வேண்டும். தோலில் புதிதாக எது தோன்றினாலும், மருந்துக்கடைக்குச் செல்வதற்கு முன் உங்களுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்கான காரணங்களை இப்பக்கம் விளக்குகிறது.

தொற்று எளிதில் ஏற்படுவது ஏன்?

இரத்த வெள்ளணுக்களில் ஒரு வகையான நியூட்ரோபில்கள், உடலுக்குள் ஊடுருவும் பூஞ்சையை எதிர்க்கும் முதன்மையான அணுக்கள். இரத்த நோயினாலோ, புற்றுநோய் மருந்துகளாலோ, ஹைட்ராக்சியூரியா போன்ற மாத்திரைகளாலோ இவற்றின் எண்ணிக்கை குறையலாம். ஒரு மைக்ரோ லிட்டர் இரத்தத்தில் 500க்கும் கீழே குறைந்தால் ஆபத்து மிக அதிகம்.

நோய் எதிர்ப்பு அணுக்கள் நம் உடலையே தாக்குவதால் ஏற்படும் இரத்த சோகைக்கும் தட்டணுக் குறைவுக்கும் பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகள் தரப்படுகின்றன. இவையும் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும். அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா நோயாளிகளின் உடலில் இரும்புச்சத்து தேங்குகிறது. அது கணையத்தைப் பாதித்தால் சர்க்கரை நோய் வரலாம். எனவே பூஞ்சைத் தொற்று திரும்பத் திரும்ப வந்தால் இரத்தச் சர்க்கரையையும் பரிசோதிப்பது அவசியம்.

வழக்கமாகக் காணப்படும் தொற்றுகள்

படர்தாமரை: தொடை இடுக்கு, இடுப்பு, பிட்டம் ஆகிய இடங்களில் வட்டமாகப் பரவும். ஓரம் சிவந்து தடித்தும், நடுப்பகுதி சற்றுத் தெளிந்தும் இருக்கும். அரிப்பு கடுமையாக இருக்கும்.

தேமல்: மார்பு, முதுகு, கழுத்தில் வெளிறிய அல்லது பழுப்பு நிறத் திட்டுகளாகத் தோன்றும். பெரும்பாலும் ஆபத்தற்றது. குணமான பின்னரும் தோலின் நிறம் திரும்பச் சில மாதங்கள் ஆகலாம்.

கேண்டிடா தொற்று: தோல் மடிப்புகள், விரல் இடுக்குகள், நகத்தைச் சுற்றிய சதை ஆகியவற்றில் சிவந்து ஈரமாகக் காணப்படும். வாயில் வெண்படலமாகவும் தோன்றலாம்.

வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும்போது தொற்று இந்த வடிவங்களில் தெரியாமல் போகலாம். சிவப்பையும் வீக்கத்தையும் சீழையும் உண்டாக்குவதில் அவ்வணுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. எனவே அரிப்பு இல்லை, சீழ் இல்லை என்பதால் தொற்று சிறியது என்று கருத வேண்டாம்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

பின்வருவனவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தால், அன்றைய தினமே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

• 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல். அதிலும் தோலில் புதிய கட்டிகளோ தடிப்புகளோ சேர்ந்திருந்தால்
• காய்ச்சலுடனும் தசைவலியுடனும் உடலின் பல இடங்களில் தோன்றும் சிறு சிவந்த முடிச்சுகள். இது பூஞ்சை இரத்தத்தில் கலந்திருப்பதன் அடையாளமாக இருக்கலாம்
• ஊசி போட்ட இடம், நரம்புக் குழாய் பொருத்திய இடம், பிளாஸ்திரி ஒட்டிய இடம் அல்லது காயத்தில் தோல் கருத்து, வலியுடன் பரவுதல்
• கால் நகத்தைச் சுற்றி ஏற்பட்ட வீக்கம், வெள்ளணுக்கள் குறைந்த நிலையில் பாதம் முழுவதும் பரவுதல்
• மூக்கு, கன்னம், கண்ணைச் சுற்றி வலி, வீக்கம் அல்லது கருமை

கொரோனா இரண்டாம் அலையின்போது பலரும் கேள்விப்பட்ட கருப்புப் பூஞ்சை, வெள்ளணுக் குறைவு உள்ளவர்களின் தோலிலும் ஏற்படக்கூடும். இரும்பை வெளியேற்றத் தரப்படும் டெஃபராக்சமின் ஊசி மருந்தை இப்பூஞ்சை தன் வளர்ச்சிக்கு இரும்பைப் பெறப் பயன்படுத்திக்கொள்கிறது. இது அரிதாகவே நிகழ்வதால் அச்சத்தில் ஊசியை நீங்களாக நிறுத்த வேண்டாம். சந்தேகத்துக்குரிய அறிகுறி தோன்றினால் மருத்துவர் அதை மாற்றி அமைப்பார். டெஃபரிப்ரோன் மாத்திரை உட்கொள்பவர்களுக்கு நியூட்ரோபில்கள் திடீரெனக் குறைய வாய்ப்புண்டு. காய்ச்சல், தொண்டைவலி, வாய்ப்புண் வந்தால் அம்மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

கடையில் வாங்கும் களிம்புகள்

படர்தாமரைக்கென்று கேட்டால் கிடைக்கும் பல களிம்புகளில் பூஞ்சை மருந்துடன் வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருக்கிறது. பூசிய ஓரிரு நாட்களில் அரிப்பு அடங்கும். பூஞ்சையோ தொடர்ந்து பரவும். தொற்றின் வடிவம் மாறுவதால் பின்னர் நோயைக் கண்டறிவதும் கடினமாகும். இந்தியாவில் டெர்பினாஃபின் மருந்துக்குக் கட்டுப்படாத படர்தாமரை இப்போது பரவலாகக் காணப்படுவதால், சரியான மருந்தைத் தேர்ந்தெடுப்பது முன்னைவிட முக்கியமாகியுள்ளது.

சீமையகத்தி இலைச் சாறு, பூண்டு விழுது, எருக்கம்பால் ஆகியவற்றை வெடித்த தோலிலும் புண்ணிலும் பூச வேண்டாம். அவை தோலைப் புண்ணாக்கி, பிற கிருமிகள் நுழைய வழி செய்யும்.

பரிசோதனையும் சிகிச்சையும்

தோலின் மேற்படலத்தை மெதுவாகச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கும் எளிய பரிசோதனையே பெரும்பாலும் போதுமானது. தட்டணுக்கள் குறைந்தவர்களுக்கும் இதைப் பாதுகாப்பாகச் செய்யலாம். முடிச்சுகளும் கருமையும் இருந்தால் சிறு திசுப் பரிசோதனை தேவைப்படும்.

சிறு பகுதியில் மட்டும் உள்ள தொற்றுக்குக் களிம்பு போதும். அதைத் தொற்றின் ஓரத்தைத் தாண்டி ஏறத்தாழ 2 செ.மீ. வரை பூச வேண்டும். அரிப்பு நின்றதும் நிறுத்திவிடாமல், மருத்துவர் கூறிய நாள் வரை தொடருங்கள்.

மாத்திரை தேவைப்பட்டால், நீங்கள் உட்கொள்ளும் மற்ற மருந்துகளின் பட்டியலைத் தவறாமல் காட்டுங்கள்.

• இட்ராகொனசோல், இமாட்டினிப், இப்ருட்டினிப், வெனிட்டோகிளாக்ஸ், சைக்ளோஸ்போரின் ஆகிய மருந்துகளின் அளவை இரத்தத்தில் உயர்த்தக்கூடும். வின்கிரிஸ்டின் ஊசியுடன் சேர்ந்தால் நரம்புகள் கடுமையாகப் பாதிக்கப்படலாம்.
• இரும்புத் தேக்கத்தால் இதயம் பலவீனமானவர்களுக்கு இட்ராகொனசோல் பொதுவாகத் தவிர்க்கப்படும்.
• ஃப்ளூகொனசோல், வார்ஃபரின் மருந்துடன் சேர்ந்தால் இரத்தக்கசிவு ஏற்படலாம்.
• கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு டெர்பினாஃபின் மாத்திரை ஏற்றதல்ல.

வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை

• துண்டு, உள்ளாடை, சீப்பு ஆகியவற்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். துணிகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் நன்கு உலர்த்துங்கள்.
• குளித்த பின் விரல் இடுக்கு, தொடை இடுக்கு, அக்குள் ஆகியவற்றை ஈரம் போகத் துடையுங்கள். தளர்வான பருத்தி ஆடை அணியுங்கள்.
• குடும்பத்தில் வேறு எவருக்கேனும் படர்தாமரை இருந்தால் அவரும் அதே காலத்தில் சிகிச்சை பெற வேண்டும்.
• வெள்ளணுக்கள் குறைந்துள்ள நாட்களில் மண் வேலை, வைக்கோல், கட்டடத் தூசி ஆகியவற்றைத் தவிருங்கள். வெறுங்காலுடன் நடக்க வேண்டாம்.
• நகங்களை நேராக வெட்டுங்கள். நகக்கண்ணைக் கிள்ள வேண்டாம்.
• வாரம் ஒருமுறை விரல் இடுக்குகள், நகங்கள், குழாய் பொருத்திய இடம் ஆகியவற்றை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். குழந்தைகளுக்குப் பெற்றோர் பார்க்கலாம்.

உதவி பெற

மருத்துவமனைக்குச் செல்லும்போது அண்மையில் எடுத்த இரத்தப் பரிசோதனை அறிக்கையையும், பூசிவந்த களிம்பின் குழாயையும் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணையும், அவசர ஊர்திக்கு 108 என்ற எண்ணையும் அழைக்கலாம். இப்பக்கம் பொதுத் தகவலுக்கானது. உங்கள் மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்றாகாது.