சொல்லா, பொருளா? பைபிள் வாசிப்பில் ஒரு நெடிய வழக்கு



மதரஸாவில் மூத்த மாணவர் ஒருவர் அண்மையில் நம்மிடம் கேட்டார்: “ஹஜ்ரத், கிறிஸ்தவர்கள் பைபிளை எழுத்துக்கு எழுத்து அப்படியே நம்புகிறார்களா? அல்லது எல்லாம் உவமை என்கிறார்களா?”

இரண்டில் ஒன்றைச் சொல்லி அவரை அனுப்பியிருக்கலாம். விவாத மேடைகளில் நம்மவர் பலர் அப்படித்தான் செய்கின்றனர். ஒரு வசனத்தை எடுத்து, அதற்கு நேர்ப்பொருள் கூறி, “இதையா நம்புகிறீர்கள்?” என்று கேட்டு அவையைச் சிரிக்க வைப்பர். இளமையில் நாமும் அவ்வாறு பேசியதுண்டு. பின்னர் அச்சமுதாயத்தின் வரலாற்றைப் படித்தபோதுதான், அக்கேள்வி நாம் கேட்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அவர்களுக்குள் எழுந்துவிட்டதை அறிந்தோம்.

மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் புகழ்பெற்ற ஓரிஜன் என்னும் அறிஞர், வேத வசனத்திற்கு உடல், ஆன்மா, ஆவி என மூன்று நிலைகளில் பொருள் உண்டு என்றார். ஆதியாகமத்தின்படி சூரியன் நான்காம் நாளில்தான் படைக்கப்படுகிறது. அவ்வாறாயின் முதல் மூன்று நாட்களுக்குக் காலையும் மாலையும் எப்படி வந்தன என்று கேட்டவர் அவர். நேர்ப்பொருள் பொருந்தாத இடத்தில் ஆழ்ந்த பொருளைத் தேட வேண்டும் என்பது அவரது வழி.

அந்தியோகியா நகர அறிஞர்கள் இதை ஏற்கவில்லை. உருவகம் என்ற பெயரில் வரலாறே கரைந்துவிடும் என அவர்கள் அஞ்சினர். அவர்களுள் தலையாயவர் கி.பி. 428இல் இறந்த தியோடர். வியப்பு என்னவென்றால், 553இல் கூடிய இரண்டாம் கான்ஸ்டாண்டிநோபிள் சங்கம் ஓரிஜன், தியோடர் இருவரையுமே கண்டித்தது. கொள்கை சார்ந்த வேறு காரணங்களுக்காகவே அக்கண்டனம் எழுந்தது. எனினும், வாசிப்பு முறை எதுவும் ஒருவருக்குக் காப்பாக அமைந்துவிடுவதில்லை என்பதை இது காட்டுகிறது.

இடையில் வந்தவர் அகுஸ்தீன். பழைய ஏற்பாட்டின் சில பகுதிகள் அவருக்கு இடறலாக இருந்தன. மிலான் நகரில் ஆயர் அம்புரோஸ் அவற்றுக்கு உட்பொருள் கூறியதைக் கேட்ட பின்னரே அவரது மனம் திரும்பியது. 387இல் அவர் ஞானஸ்நானம் பெற்றார். பிற்காலத்தில் ஆதியாகமத்தின் நேர்ப்பொருளை விளக்கப் பன்னிரண்டு பகுதிகள் கொண்ட நூல் ஒன்றை எழுதினார். அந்நூலிலேயே, படைப்பின் ஆறு நாட்களும் நாம் அறிந்த நாட்கள் அல்ல என்கிறார். வானத்தையும் பூமியையும் பற்றி அறியாமையால் பேசிவிட்டு அதற்கு வேதத்தை ஆதாரம் காட்டுவோரால் வேதமே ஏளனத்திற்கு உள்ளாகிறது என்றும் தம் மக்களை எச்சரிக்கிறார்.

இவ்வழக்கின் கூர்மையை 1529ஆம் ஆண்டு ஜெர்மனியின் மார்பர்க் கோட்டையில் காணலாம். போப்பின் அதிகாரத்தை எதிர்த்து வேதம் ஒன்றே போதும் என்று கிளம்பிய இருவர், மார்ட்டின் லூதரும் சுவிட்சர்லாந்தின் சுவிங்லியும், அங்கே நேருக்கு நேர் அமர்ந்தனர். பேரரசர் ஐந்தாம் சார்லஸை எதிர்கொள்ளச் சீர்திருத்தச் சபையினர் ஒன்றுபட வேண்டும் என விரும்பிய ஹெஸ்ஸே நாட்டின் பிலிப் அவர்களை அழைத்திருந்தார். பதினைந்து அம்சங்களில் பதினான்கில் உடன்பாடு ஏற்பட்டது. எஞ்சிய ஒன்று, இயேசு தம் இறுதி இரவு உணவில் அப்பத்தை எடுத்து அதைத் தம் உடல் என்று கூறிய வசனம் பற்றியது.

லூதர் மேசை மீது சுண்ணக்கட்டியால் அவ்வசனத்தை எழுதி வைத்துக்கொண்டார் என்பர். உடல் என்றால் உடலே. மனித அறிவைக் கொண்டு இறைவாக்கை வளைக்கக் கூடாது என்பது அவர் வாதம். அது உடலைக் குறிக்கும் அடையாளம் என்றார் சுவிங்லி. இயேசு தம்மைத் திராட்சைச் செடி என்றும் வாசல் என்றும் கூறியிருக்கிறாரே, அவற்றை எவரும் நேர்ப்பொருளில் கொள்வதில்லையே என்பது அவர் பக்க நியாயம். உடன்பாடு ஏற்படவில்லை. சுவிங்லி கண்ணீருடன் நட்பை நாடியும் லூதர் அவரைச் சகோதரராக ஏற்க மறுத்துவிட்டார். இரண்டே ஆண்டுகளில், 1531இல், சுவிங்லி போர்க்களத்தில் மாண்டார். அப்பிளவு நூற்றாண்டுகள் நீடித்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஆறு நாள் படைப்பை நேர்ப்பொருளில் நம்பும் இன்றைய சபையினர் பலர், அப்பத்தைப் பற்றிய இவ்வசனத்தை உருவகமாகவே கொள்கின்றனர். கத்தோலிக்கரோ இவ்வசனத்தை நேர்ப்பொருளில் கொள்கின்றனர். ஆறு நாட்களை அவ்வாறே கொள்ள வேண்டும் என்று வற்புறுத்துவதில்லை. 1925இல் அமெரிக்காவின் டேட்டன் நகரில், பரிணாமக் கொள்கையைக் கற்பித்த ஆசிரியர் மீதான வழக்கில், வேதத்தின் பக்கம் நின்று வாதாடிய பிரையன்கூட, அந்த ஆறு நாட்கள் இருபத்து நான்கு மணி நேர நாட்களாக இருக்க வேண்டியதில்லை என்று விசாரணையில் ஒப்புக்கொண்டார்.

ஆகவே, முழுவதும் நேர்ப்பொருளில் வாசிப்பவர், முழுவதும் உருவகமாக வாசிப்பவர் என இரு கூட்டங்கள் இல்லை. எந்த வசனத்தில் எது, அதைத் தீர்மானிப்பவர் யார் என்பதே வழக்கு. ஹகீகத், மஜாஸ் எனப் பாடம் படிக்கும் நமக்கு இது புரியாத செய்தியன்று. கிறிஸ்தவராக இருந்து இஸ்லாத்தைத் தழுவிய அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள், நோன்பு வசனத்தில் வரும் வெள்ளை நூலையும் கறுப்பு நூலையும் உண்மையான நூல்களாகவே கருதித் தலையணையின் கீழ் வைத்துப் பார்த்தார்கள். அது பகலின் வெண்மையும் இரவின் கருமையுமே என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். அந்த நபித்தோழரை நாம் எள்ளி நகையாடுவதில்லை.

வேதக்காரர்களுடன் அழகிய முறையிலன்றி விவாதிக்க வேண்டாம் என்பது நமக்கு இடப்பட்ட கட்டளை. அதன் முதற்படி, அவர்கள் தம் வேதத்தை எப்படி வாசிக்கிறார்கள் என்று அவர்களிடமே கேட்பது. அம்மாணவருக்கும் இதையே கூறினோம்: “அடுத்த வீட்டுக் கிறிஸ்தவர் எந்தச் சபையினர் என்று முதலில் கேளுங்கள். பிறகு வசனத்தைப் பற்றிப் பேசுங்கள்.”

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.