பிபிசி மைக்ரோ: பள்ளிக்கு வந்த பெட்டி

எண்பதுகளில் மேல்நிலைப் பள்ளிகளில் வேலை பார்த்த ஆசிரியர்கள் சிலருக்காவது ‘பிபிசி மைக்ரோ’ என்ற பெயர் நினைவிருக்கும். நாம் வானொலியில் தமிழோசை கேட்டோமே, அதே பிபிசிதான். கணினி என்றால் என்ன என்பதைப் பொதுமக்களுக்குத் தொலைக்காட்சி வழியே கற்றுத்தர அந்த நிறுவனம் விரும்பியது. அதற்கென்று கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் என்ற சின்ன நிறுவனம் செய்து கொடுத்த கணினி இது. 1981 டிசம்பரில் வெளிவந்தது. 12,000 விற்கும் என்று கணக்குப் போட்டார்கள். கடைசியில் 15 லட்சத்துக்கு மேல் விற்றது.

நம் நாட்டுக்கு 1984-இல் மத்திய அரசின் ‘கிளாஸ்’ திட்டத்தில் வந்தது. அப்போது நான் இயற்பியல் ஆசிரியர். எங்கள் பள்ளிக்கு வந்த கணினிக்குத் தனி அறை, குளிர்சாதன வசதி, மேலே துணி உறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பிள்ளைகள் பேசிக் மொழியில் தங்கள் பெயரைத் திரையில் வரிவரியாக ஓடவிட்டு மகிழ்ந்தார்கள். நினைவகம் வெறும் 32 கிலோபைட். இன்று அலைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூட அதில் அடங்காது.

ஆனால் அந்தப் பெட்டியின் அருமை அதன் பின்புறத்திலும் அடிப்புறத்திலும் இருந்தது. அங்கே வரிசையாக இணைப்புகள். ஒன்றில் மின்னழுத்தத்தைக் கொடுத்தால் அதை எண்ணாக மாற்றித் தரும். அதாவது, வெப்பத்தையோ ஒளியையோ உணரும் ஒரு சிறு உறுப்பை மாட்டினால் போதும், கணினியே அளவெடுத்துக் குறித்துக்கொள்ளும். இங்கிலாந்தில் ஆய்வுக்கூடங்கள் இதை விடவில்லை. ஜோட்ரல் பேங்க் வானாய்வகத்தில் 42 அடி ரேடியோ தொலைநோக்கியைத் திருப்பும் வேலைக்கே இதை வைத்தார்கள். வின்ஸ் கிளார்க் என்ற இசைக்கலைஞர் தம் மின்னிசைக் கருவிகளை இதைக்கொண்டு இயக்கினார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை ஏகார்னுக்குள்ளேயே நடந்தது. 1983-இல் புதிய செயலி ஒன்றைத் தாங்களே வடிவமைக்க முனைந்தார்கள். சோஃபி வில்சன் அதன் கட்டளைகளை வகுத்து, பிபிசி மைக்ரோவில், அதே பேசிக் மொழியில் எழுதி ஓட்டிப் பார்த்தார். ஸ்டீவ் ஃபர்பர் உள்ளமைப்பை வரைந்தார். 1985 ஏப்ரல் 26 அன்று முதல் சில்லு வந்தது. அதையும் பிபிசி மைக்ரோவின் ‘டியூப்’ என்ற இணைப்பில் மாட்டித்தான் இயக்கினார்கள். அதன் பெயர் ஆர்ம். இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் அலைபேசிகள் ஏறக்குறைய எல்லாமே அதன் வழிவந்த செயலியில்தான் ஓடுகின்றன.

பிள்ளைகளுக்கான பொருள்தானே என்று செய்தவர்கள் அதை மூடி வைக்கவில்லை. எதை வேண்டுமானாலும் மாட்டிப் பார் என்று வாசல்களைத் திறந்து வைத்தார்கள். அதனால்தான் விஞ்ஞானிக்கும் பாட்டுக்காரருக்கும் அது உதவியது.

எங்கள் பள்ளியில் கணினி அறைக்கும் இயற்பியல் ஆய்வகத்துக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். இந்தப் பக்கம் பிள்ளைகள் வெப்பமானியைப் பார்த்து நிமிடத்துக்கு ஒருமுறை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலையைச் செய்யத் தெரிந்த பெட்டி அந்தப் பக்கம் உறைக்குள் இருந்தது. “பழுதாகிவிட்டால் யார் பொறுப்பு?” என்ற கேள்வி அந்தச் சுவரைவிடக் கெட்டியாக இருந்தது. பள்ளிக்கு இன்று எந்தப் புதுக்கருவி வந்தாலும், அதற்கு உறை தைப்பதற்கு முன் பிள்ளைகள் அதன் பின்புறத்தையும் ஒருமுறை பார்க்கட்டும்.