கண்ணாடித் தொட்டியில் பவளப்பாறை: வளர்ப்பு, சரிவு, மீட்பு ஆகியவற்றின் வரலாறு

உயிருள்ள பவளங்களைக் கண்ணாடித் தொட்டியில் கடல்நீர் விட்டு வளர்ப்பது பவளப்பாறைத் தொட்டி எனப்படுகிறது. நாற்பது, ஐம்பது லிட்டர் நீர் மட்டுமே கொள்ளும் சிறு தொட்டிகளை ஆர்வலர்கள் 'நானோ ரீஃப்' என்பர். இது அண்மைக்காலப் பொழுதுபோக்கு என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் இதற்கு நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் பெரும்பகுதி, தொட்டி ஏன் ஒரே இரவில் அழிகிறது என்ற கேள்விக்கு விடை தேடியதே ஆகும்.

தொடக்கம்

1846 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் டார்க்கி கடற்கரைக்குச் சென்றிருந்த அன்னா தைன் என்ற பெண்மணி, அங்குக் கிடைத்த கல்பவளங்கள் சிலவற்றை உயிருடன் லண்டனுக்குக் கொண்டுவந்தார். இவர் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் துணைத் தலைமைக் குருவாக இருந்த ஜான் தைன் பிரபுவின் மனைவி. கடலில்லாத நகரத்தில் கடல்நீரைக் கெடாமல் வைத்திருப்பது எப்படி? பணிப்பெண்ணைத் திறந்த சன்னலருகே நிற்க வைத்து, நாள்தோறும் அரைமணி நேரத்துக்கும் மேலாக நீரை ஒரு கலத்திலிருந்து மறு கலத்துக்கு ஊற்றி ஊற்றி எடுக்கச் செய்தார். நம் வீடுகளில் சூடான பாலை ஆற்றுவது போன்றதுதான் இது. இன்று மின்பம்பு செய்யும் வேலையை அன்று அந்தப் பணிப்பெண்ணின் கைகள் செய்தன. அவர் பெயர் எந்தப் பாடநூலிலும் இடம்பெறவில்லை.

மறு ஆண்டு தைன் அம்மையார் கலத்தில் கடற்பாசிகளையும் சேர்த்தார். பாசிகள் ஒளியில் உயிர்வளியை வெளியிட்டதால் நீரை ஆற்றும் வேலை குறைந்தது. பவளங்கள் பெருகுவது பற்றி இவர் எழுதிய குறிப்புகள் 1859 இல் இயற்கை வரலாற்று இதழொன்றில் வெளியாயின. இதே காலத்தில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர், மீன், நீர்த்தாவரம், நத்தை மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் என்பதை நன்னீர்த் தொட்டியில் காட்டினார். 1853 இல் லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு ஃபிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் 'அக்வேரியம்' என்ற சொல்லை உலகெங்கும் பரப்பியது.

சென்னையும் மண்டபமும்

சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனைத் தமிழர்கள் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய நூல் தொகுதிகளால் அறிவர். அவர் கடலுயிர் ஆய்வாளரும்கூட. மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பு பற்றியும், இராமேசுவரத் தீவின் கடலுயிர்கள் பற்றியும் 1890களிலேயே எழுதியவர். அவருடைய முயற்சியால் சென்னை மெரினா கடற்கரையில் 1909 இல் கடல்நீர் மீன்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. பின்னர் மீன்வளத் துறையின் கைக்கு வந்த அக்காட்சியகம் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மூடப்பட்டது. கடலுக்கு எதிரேயே இருந்ததால் நீருக்குப் பஞ்சமில்லை. உள்நாட்டில் தொட்டி வைப்பவர்களுக்கு அந்த வசதி கிடையாது.

மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் நெடுங்காலம் மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கியது. 1969 சனவரியில் இந்தியக் கடல் உயிரியல் சங்கம் பவளங்கள் பற்றிய கருத்தரங்கை மண்டபத்தில் நடத்தியது. பின்னாளில் உலக நாடுகளில் மாறிமாறி நடந்துவரும் பன்னாட்டுப் பவளப்பாறை மாநாட்டு வரிசையில் முதலாவதாக எண்ணப்படுவது இதுவே. இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்களே பலர் இதை அறியார்.

உயிர்ப்பாறை

தைன் அம்மையாருக்குப் பின் நூறு ஆண்டுகள் பவளம் வளர்ப்பதில் பெரிய முன்னேற்றம் இல்லை. மீன் வைத்தார்கள், பவளம் என்றால் வெளுத்த எலும்புக்கூட்டை அலங்காரத்துக்கு வைத்தார்கள். 1956 இல் ரெனே கத்தாலா என்பவர் நியூ கலிடோனியாவின் நூமியா நகரில் அமைத்த காட்சியகத்தில் பவளங்கள் இயற்கை ஒளியிலும் ஓடும் கடல்நீரிலும் செழித்தன. 1961 இல் இந்தோனேசியாவின் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் தம் எளிய முறையை இதழொன்றில் விளக்கினார். கடலிலிருந்து எடுத்த, நுண்ணுயிர்களும் பாசியும் புழுக்களும் குடியிருக்கும் பாறைத்துண்டு, சிறிது காற்றுக்குமிழ், நல்ல வெளிச்சம் ஆகியவையே அவருடைய கருவிகள். கடலோரத்தில் வாழ்ந்ததால் நல்ல நீரும் அவருக்கு எளிதாகக் கிடைத்தது. இந்தப் பாறையே இன்று 'உயிர்ப்பாறை' எனப்படுகிறது. பின்னர் ஜெர்மன் ஆர்வலர்கள் இதனுடன் நுரையெடுக்கும் கருவியான புரோட்டின் ஸ்கிம்மரையும் வலுவான விளக்குகளையும் சேர்த்தனர். அது பெர்லின் முறை எனப் பெயர் பெற்றது. எல்.இ.டி. விளக்குகள் மலிவானபின் மேசைமேல் வைக்கும் சிறு தொட்டிகள் பரவின.

தொட்டி ஏன் சரிகிறது?

ஆர்வலர்கள் 'கிராஷ்' என்று சொல்லும் இச்சரிவைப் புரிந்துகொள்ளத் திருவள்ளூர் மாவட்டமே போதுமானது. இம்மாவட்டத்தின் கிழக்கெல்லை பழவேற்காட்டுக் கடல். மேற்கே ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டுப் பகுதிகள் கடற்காற்று எட்டாத நெசவு ஊர்கள். அருகிலுள்ள திருத்தணியில் கோடையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டுவது வழக்கம். பவளத்துக்கு 24 முதல் 27 பாகை வரை ஏற்றது. 30 பாகைக்கு மேல் நீடித்தால் ஆபத்து.

40 லிட்டர் தொட்டியில் ஒரு லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்று கொள்வோம். மொத்த உப்பு 1,400 கிராம். மின்விசிறிக் காற்றில் சில நாட்களில் 4 லிட்டர் ஆவியானால் நீர் மட்டுமே போகும், உப்பு போகாது. மீதி 36 லிட்டரில் உப்பின் அளவு லிட்டருக்கு 39 கிராமை நெருங்கிவிடும். 400 லிட்டர் தொட்டியில் அதே 4 லிட்டர் போனால் மாற்றம் அரை கிராமைக்கூட எட்டாது. சிறு தொட்டி வைப்பது எளிது என்று தொடங்குவோர் முதலில் பார்க்க வேண்டிய கணக்கு இது.

மின்வெட்டு அடுத்தது. 30 பாகை வெப்பமுள்ள கடல்நீர் லிட்டருக்கு ஏறக்குறைய 6 மில்லிகிராம் உயிர்வளியையே தாங்கும். பம்பு நின்ற சில மணி நேரத்தில் அது தீரத் தொடங்கும். பாறை இடுக்கிலுள்ள புழுவும் இறாலும் முதலில் சாகும். அவை அழுகும்போது அம்மோனியா பெருகும். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்களுக்கும் உயிர்வளி வேண்டும் என்பதால் அவையும் செயலிழக்கும். காலையில் எழுந்து பார்த்தால் நீர் பால்போல் கலங்கியிருக்கும்.

மீட்கும் முறை

முதல் வேலை காற்றுக்குமிழ். பேட்டரியில் ஓடும் சிறு ஏர்பம்பு ஒன்றை வாங்கி வைப்பது விலையுயர்ந்த விளக்கைவிடப் பயன் தரும். இறந்தவற்றை உடனே அகற்ற வேண்டும். பிறகு அதே வெப்பமும் அதே உப்பளவும் கொண்ட புதுநீரால் நாளுக்கு 30 விழுக்காடு மாற்றலாம். முதல் நாள் கழிவில் 70 விழுக்காடு மிஞ்சும், மறுநாள் 49, மூன்றாம் நாள் 34. முழு நீரையும் ஒரே நாளில் மாற்றினால் பிழைத்திருக்கும் உயிர்களும் அதிர்ச்சியில் மடியும். செயல்படுத்திய கரி எஞ்சிய நச்சை ஓரளவு உறிஞ்சும். செம்பு கலந்த மீன் மருந்தை இத்தொட்டியில் ஒருபோதும் ஊற்றக்கூடாது. முதுகெலும்பில்லா உயிர்களுக்கு அது நஞ்சு. பாறையைக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்வதும் கூடாது. சோவாந்திடுகள் என்னும் பொத்தான் போன்ற உயிரிகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அந்த நீராவியைச் சுவாசித்து மருத்துவமனைக்குப் போன குடும்பங்கள் வெளிநாடுகளில் உண்டு.

பிறகு பொறுமைதான். நான்கு முதல் ஆறு வாரம் பழுப்புப் பாசியும் பச்சைப் பாசியும் மாறிமாறி வரும். பாக்டீரியா மீண்டும் குடியேறுவதற்கான காலம் அது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் காட்டிய பிறகே நத்தை, அதன்பின் மற்றவை.

நீருக்கு ஆழ்துளைக் கிணறு உதவாது, ஆர்.ஓ. நீரில் செயற்கைக் கடலுப்பைக் கரைக்க வேண்டும். இதே மாவட்டத்தில் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து உப்பை நீக்கி நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் திறனுள்ள ஆலை 2010 இல் திறக்கப்பட்டது. அங்கே நீக்கும் உப்பை இங்கே காசு கொடுத்துச் சேர்க்கிறார்கள்!

சட்டம்

கல்பவளங்கள், கருப்புப் பவளம், தீப்பவளம், கடல்விசிறி முதலியவை 2001 இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. நம் கடலிலிருந்து அவற்றை எடுப்பதும் விற்பதும் புலியைக் கொல்வதற்கு நிகரான குற்றம். அயல்நாட்டுப் பவளங்களுக்கும் பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் கட்டுப்பாடு உண்டு. கடையில் உயிர்ப்பவளம் கண்டால் அது எங்கிருந்து வந்தது, ஆவணம் உண்டா என்று கேட்பது வாங்குபவரின் கடமை.

மன்னார் வளைகுடா

தொட்டியில் நடப்பது கடலிலும் நடந்தது. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சூழ்ந்துள்ள பாறைகளிலிருந்து பல பத்தாண்டுகள் முருகைக்கல் வெட்டப்பட்டது; சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் ஆலைகளுக்கும் போனது. 1986 இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் அகழ்வு 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகே நின்றது. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன.

வெட்டு நின்றதும் வெப்பம் வந்தது. பவளத்தின் திசுவில் வாழ்ந்து அதற்கு உணவூட்டும் நுண்பாசி, நீர் சூடேறினால் வெளியேறிவிடும், பவளம் வெளிறும். 1998, 2010 ஆண்டுகளில் இங்கே வெளிறல் நேர்ந்தது. 2016 இல் உயிருள்ள பவளப் பரப்பு சுமார் 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காடாகச் சரிந்தது. இங்கே நீரை மாற்றவோ சில்லர் வைக்கவோ இயலாது.

தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் வேறு வழியை மேற்கொண்டுள்ளது. பிழைத்த பவளங்களிலிருந்து சிறு துண்டுகளை எடுத்து, சிமெண்டுப் பலகைகளில் கட்டி, சிதைந்த இடங்களில் கடலடியில் இறக்குகின்றனர். தொட்டி ஆர்வலர்கள் 'ஃப்ராக்' என்று துண்டு வெட்டி ஒட்டுவதும் இதே நுட்பம்தான். கரைந்துகொண்டிருந்த வான் தீவைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளும் இறக்கப்பட்டுள்ளன. அவற்றின்மேல் இப்போது பவளக் குஞ்சுகள் தாமாகவே ஒட்டி வளர்கின்றன.