முட்டம் என்ற பெயரைத் தேடும் வழி

ஒலியை வைத்துப் பெயர் தேடும் முறை கணினிக்கு மூத்தது. அமெரிக்காவில் ராபர்ட் ரஸல் 1918-இல் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ், ஒரு பெயரை முதலெழுத்தும் சில இலக்கங்களுமாகச் சுருக்கியது. 1930-களில் அந்நாட்டின் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளுக்கு இம்முறையில் அட்டைகள் எழுதி அடுக்கினார்கள். குறி அட்டையிலேயே இருந்ததால், தேடுபவர் தமக்கு வேண்டிய ஒரு பெயருக்கு மட்டும் குறி கண்டால் போதும். வேகமான வினவலின் சூட்சுமம் இதுதான்.

குமரி மாவட்டக் கடற்கரை ஊரான முட்டத்தை ஆங்கிலத்தில் எழுதுவோரில் சிலர் கடைசி உயிரெழுத்தாக ‘ஓ’ போடுவார்கள், சிலர் ‘ஏ’ போடுவார்கள். சவுண்டெக்ஸில் இரண்டுக்கும் எம்350. மாடன் என்ற பெயருக்கும் அதே எம்350 என்பதுதான் சிக்கல். ஆங்கிலப் பெயர்களுக்கென்று அமைந்த இம்முறை தமிழ்ப் பெயர்களுக்கு முதல் சல்லடையாக மட்டுமே உதவும்.

எழுத்தை வைத்துத் தேடவும் முன்கூட்டியே அடுக்கிவைப்பதுதான் வழி. 1972-இல் பேயரும் மெக்கிரைட்டும் வெளியிட்ட பி-மரம், தரவுகளை வரிசைப்படுத்தி வைக்கும் இன்டெக்ஸுக்கு அடித்தளமானது. ‘முட்’ என்று தொடங்கும் பெயர்களைத் தரவுத்தள வினவலில் வரும் லைக் அந்த வரிசையில் நேராகப் போய் எடுத்துவிடும். நெடுவரிசையின் மேல் அப்பர், ட்ரிம் போன்ற செயற்கூறு ஒன்றைப் போட்டால் அந்த வரிசை பயன்படாது. ஒவ்வொரு பதிவையும் எடுத்து, கணக்கிட்டு, ஒப்பிட வேண்டிவரும். லட்சக்கணக்கான பெயர்கள் உள்ள பட்டியலில் இது பெரும் வீண்வேலை. செயற்கூற்றின் விடையையே இன்டெக்ஸில் வைக்க ஆரக்கிள் தரவுத்தளத்தின் 8ஐ பதிப்பு 1999-இல் வழி செய்தது. மைஎஸ்கியூஎல்லில் அந்த வசதி 2018-இல் 8.0.13 பதிப்பில் நேரடியாக வந்தது. கடியப்பட்டணம், தேங்காய்ப்பட்டணம் என ‘பட்டணம்’ என்று முடியும் ஊர்களைத் தேடவும் இதுவே கைகொடுக்கும்: பெயரைத் தலைகீழாகத் திருப்பி இன்டெக்ஸ் செய்தால் ஈறு முதலாகிவிடும்.

தமிழில் குறியேற்றச் சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் குறியேற்றங்களை ஏற்றது. 2010-இல் யுனிகோடுக்கு வந்தது. ‘முட்டம்’ என்பதில் பள்ளிப் பிள்ளை 4 எழுத்து எண்ணும். யுனிகோடில் அது 7 குறியீடுகள். யுடிஎஃப்-8 சேமிப்பில் 21 பைட். லெஃப்ட் செயற்கூற்றிடம் முதல் எழுத்தைக் கேட்டால் ‘மு’ வராது, ‘ம’ வரும். கொட்டில்பாடு என்ற ஊரின் ‘கொ’ இன்னும் தொல்லை தரும். அதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. ஒப்பிடும்போது பல தரவுத்தளங்கள் இரண்டையும் வெவ்வேறு ஊராகவே கொள்ளும். இவற்றை ஒரே வடிவாக்கப் போஸ்ட்கிரெஸ் 13, 2020-இல் நார்மலைஸ் செயற்கூற்றைத் தந்தது. பெயரைப் பதியும்போதே அதை ஓட்டிச் சேமித்துவிட்டால், தேடும்போது சாதாரண இன்டெக்ஸே போதும்.