தமிழகக் கரையின் கோடைக் கடல்: காற்றும் ஓதமும்

வடக்கே பழவேற்காட்டில் தொடங்கி, கோடியக்கரை, பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா வழியாகக் கன்னியாகுமரியைச் சுற்றி மேற்கே நீரோடி வரை செல்லும் தமிழகக் கடற்கரையின் நீளம் ஏறத்தாழ 1076 கிலோமீட்டர். பங்குனி முதல் ஆனி வரையிலான மாதங்களில் இக்கரையில் நிலவும் கடல் வானிலையையும் நீரின் ஏற்ற இறக்கத்தையும் இக்கட்டுரை விவரிக்கிறது. இக்காலத்தில் மழை குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் வருவது போன்ற பெரும்புயல்கள் அரிது. கடலும் பெரும்பாலான நாட்களில் தணிந்தே கிடக்கும். ஆனாலும் கோடைக் கடலை எளிதானது என்று எண்ணிவிடக் கூடாது. ஓத வேறுபாடு குறைந்த இக்கரையில் கடலின் அன்றாடக் குணத்தைத் தீர்மானிப்பது காற்றே. ஓதத்தின் வேலை, காற்றும் அலையும் கொண்டுவருவதைச் சில மணி நேரம் உயர்த்துவதும் தாழ்த்துவதும்தான்.

காற்று

நான்கு திசைக் காற்றுக்கும் தமிழில் தனித்தனிப் பெயர் உண்டு. கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை, வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல். இவை ஏட்டுச் சொற்களாக நின்றுவிடவில்லை. வாடையும் கொண்டலும் மீனவர் பேச்சில் இன்றும் புழங்குகின்றன. தென்மேற்கும் மேற்குமாக அடிக்கும் காற்றுக்குக் கச்சான் என்ற பெயரும் உண்டு. யாழ்ப்பாணக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று சோளகம் எனப்படும். மேற்குக் காற்றின் பெயரே வெயில் காலத்துக்கும் பெயராகியிருப்பதைக் கவனிக்க வேண்டும். நிலத்தைக் கடந்து வறண்டு வரும் மேற்குக் காற்றுதான் கிழக்குக் கரையின் கடும் வெப்பத்தைக் கொண்டுவருகிறது.

கடற்காற்று பிறக்கும் விதம் எளியது. காலை வெயிலில் நிலம் விரைவாகச் சூடேறும், கடல் மெதுவாகவே சூடேறும். சித்திரை, வைகாசியில் வங்கக் கடலின் மேல்மட்ட நீர் 29 முதல் 31 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். உள்நிலமோ நண்பகலில் 38, 40 டிகிரியைத் தொடும். நிலத்தின் மேலுள்ள காற்று இலேசாகி எழ, அவ்விடத்தை நிரப்பக் கடலின் மேலிருந்து காற்று நுழைகிறது. இதன் கனம் தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் உயரம் வரைதான். பிற்பகலில் கரையைக் கடந்து மாலைக்குள் பல பத்து கிலோமீட்டர் உள்ளே போய்விடும். இரவில் நிலம் குளிர்ந்ததும் ஓட்டம் திரும்பும். விடியலுக்கு முன் நிலத்திலிருந்து கடலுக்கு மெல்லிய காற்று வீசும்.

எஞ்சின் வருவதற்கு முன் கட்டுமரத்தின் வேலை நேரத்தை வகுத்தது இந்தத் திருப்பம்தான். விடியற்காலை நிலக்காற்றில் பாயை விரித்துப் போனார்கள், பிற்பகல் கடற்காற்றில் கரை திரும்பினார்கள்.

பங்குனியிலும் சித்திரையின் முற்பகுதியிலும் பொதுவாகவே தெற்கும் தென்கிழக்குமாகக் காற்று இருப்பதால், கடற்காற்று முற்பகலிலேயே சென்னையை எட்டிவிடும். மே நடுவுக்குப் பின் நிலை மாறுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று நெருங்க நெருங்க, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி இறங்கும் காற்று வலுவடைந்து கடற்காற்றை எதிர்த்து நிற்கும். கடற்காற்று பகல் 2 மணி, 3 மணி வரை தாமதமாகலாம், சில நாட்களில் வராமலே போகலாம். அத்தகைய நாட்களில்தான் சென்னையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுகிறது. 2003 மே மாத இறுதியில் சென்னையில் 45 டிகிரி பதிவானது. மே 4ஆம் தேதி வாக்கில் தொடங்கி 28ஆம் தேதி வாக்கில் முடியும் அக்கினி நட்சத்திரம் கழிந்த பிறகும் சில ஆண்டுகளில் வெயில் ஏறுவதன் காரணம் இதுவே. பஞ்சாங்கம் சூரியன் நிற்கும் இடத்தைச் சொல்கிறது. அன்றைய பகல் எவ்வளவு சுடும் என்பதைக் கடற்காற்று வரும் நேரம் சொல்கிறது.

வங்கக் கடலில் மே மாதப் புயல் உருவாகிச் சென்னையைத் தொடாமல் வடக்கே போனால் மழை கிடைக்காதது மட்டுமல்ல, வெயிலும் கூடும். புயலைச் சுற்றி வரும் காற்று தமிழகத்தின் மேல் நிலத்திலிருந்து கடலை நோக்கி அடித்து, கடற்காற்றை உள்ளே விடாமல் தடுப்பதால் இப்படி நேர்கிறது.

புழுக்கம்

கடற்காற்று வெப்பத்தைக் குறைக்கும், ஈரத்தைக் கூட்டும். வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால் வியர்வை தோலிலேயே தங்கிவிடும். ஆகவே நாகப்பட்டினத்தில் 36 டிகிரி காட்டும் நாள், வேலூரில் 40 டிகிரி காட்டும் நாளைவிட உடலை அதிகம் வாட்டக்கூடும். இந்திய வானிலை ஆய்வுத் துறையும் இதைக் கணக்கில் கொண்டிருக்கிறது. சமவெளியில் வெப்ப அலையை ஆராயத் தொடங்கும் அளவு 40 டிகிரி, கடலோரத்தில் 37 டிகிரி. பொதுவாக இரண்டு இடங்களிலும் வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும்.

புழுக்கம் இரவிலும் விடாது. கடல் தன் சூட்டை மெதுவாகவே இழப்பதால், உள்மாவட்டங்களைப் போல இங்கே பின்னிரவு குளிர்வதில்லை. மீன்பிடி துறைமுகங்களில் மூட்டை சுமப்போரும், ஐஸ் உடைப்போரும், கருவாடு காயவைக்கும் பெண்களும் பகல் முழுவதும் இந்த ஈரச் சூட்டில்தான் நிற்கிறார்கள். வெப்பமானி காட்டும் ஓர் எண்ணை மட்டும் வைத்து அவர்களுடைய வேலை நேரத்தை வகுப்பது தவறு. ஈரப்பதத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

ஆனி பிறந்ததும் இந்த ஈரமே மழையாகவும் மாறும். உள்ளே நுழையும் கடற்காற்றும் எதிரே வரும் மேற்குக் காற்றும் முட்டும் கோட்டில் மேகம் எழும்பி, மாலையிலோ முன்னிரவிலோ இடியோடு பெய்யும். தென்மேற்குப் பருவத்தின் மழை மறைவில் இருக்கும் சென்னைக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை கிடைக்கும் மழையில் பெரும்பங்கு இத்தகையது.

ஓதம்

கடல்நீர் கரையில் ஏறி இறங்குவதை ஓதம் என்பது பழைய சொல். ஏற்றம், வற்றம் என்பது கரைப்பேச்சு. ஈழத்தில் வற்றுப்பெருக்கு என்பார்கள். தமிழகக் கரையில் நாளுக்கு இரண்டு ஏற்றமும் இரண்டு வற்றமும் உண்டு. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆகும். எனவே இன்று காலை 6 மணிக்கு உச்சம் என்றால் நாளை 6.50 வாக்கில்.

அமாவாசை, பௌர்ணமி ஆகிய உவா நாட்களில் ஏற்றம் மிகும், வற்றமும் ஆழமாகும். அட்டமியை ஒட்டிய நாட்களில் இரண்டும் சுருங்கும். உவா ஓதத்தின் காரணத்தைக் கண்ணால் காண விரும்புவோர் சித்ரா பௌர்ணமி மாலையில் கன்னியாகுமரிக்குப் போகலாம். மேற்கே சூரியன் இறங்கும்போதே கிழக்கே நிலவு எழுவதைப் பார்க்க அங்கே பெருங்கூட்டம் கூடும். சூரியனும் பூமியும் நிலவும் ஒரே கோட்டில் நிற்பதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். அந்த இரண்டு இழுப்பும் ஒன்றுசேர்வதே உவா ஓதம். அதன் உச்சம் அன்றைக்கே வராமல் ஓரிரு நாள் பிந்தியும் வரும். பகலும் இரவும் சமமாகும் மார்ச் 21ஐ ஒட்டி வரும் உவா நாட்களில் ஓதம் ஆண்டின் பெரும்பாலான உவாக்களைவிடச் சற்றே பெரிதாக இருக்கும்.

சற்றே பெரிது என்றாலும் அளவு சிறியதுதான். சென்னையில் உவா நாளின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டர். அட்டமி நாளில் அதில் பாதிகூட இராது. தெற்கே நாகப்பட்டினம், பாம்பன் பக்கம் இன்னும் குறையும். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் இதே வேறுபாடு 10 மீட்டரைத் தாண்டுகிறது. கடல் குறுகலாகவும் ஆழம் குறைந்தும் போகுமிடத்தில் ஓத அலை நெருக்கப்பட்டு உயரும். தமிழகத்தின் கிழக்குக் கரையோ திறந்த வங்கக் கடலை நேராகப் பார்த்துக் கிடக்கிறது. கண்டத்திட்டும் பல இடங்களில் குறுகல். நீரை நெருக்கி உயர்த்த இங்கே எதுவும் இல்லை.

ஆயினும் தட்டையான நிலத்தில் இந்த அரை மீட்டர், ஒரு மீட்டரே பெரிய காரியம் செய்கிறது. பிச்சாவரம், முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகளின் உயிரோட்டம் இந்த ஏற்ற வற்றத்தில்தான் இருக்கிறது. கோடையில் ஆற்று நீர் வராததால் கழிமுகங்களில் உப்புத்தன்மை ஏறும். பல முகத்துவாரங்களில் அலை கொண்டுவரும் மணல் திட்டாகச் சேர்ந்து வாயை அடைத்துவிடும். ஓதம் உள்ளே போய்வர வழியில்லாமல் நீர் தேங்கி, மீனும் இறாலும் குறையும். அடையாற்று முகத்துவாரமும் பழவேற்காடு ஏரியின் வாயும் இப்படி அடைபடுவதுண்டு. வற்றுப்பெருக்கு பெரிதாக உள்ள கரையில் ஓதமே வாயைக் கழுவித் திறந்துவைக்கும். இங்கே அதற்கு அந்த வலு இல்லை.

இந்த மணல் எங்கிருந்து வருகிறது என்பதும் காற்றோடு சேர்ந்த கதை. ஏறத்தாழ மார்ச் முதல் அக்டோபர் வரை தெற்கிலிருந்து சாய்ந்து வரும் அலை மணலை வடக்கே நகர்த்துகிறது. வாடைக் காலத்தில் அது தெற்கே திரும்பும், ஆனால் வடக்கே போவதே அதிகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் நீண்டபோது அந்த ஓட்டம் தடைபட்டது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் பக்கம் கரை அரித்தது. ஒரே சுவரின் இரண்டு பக்கம்: ஒன்றை ஊரே கொண்டாடுகிறது, மற்றொன்றில் மீனவக் குடும்பங்கள் வீட்டை இழந்தன.

கரைக்கு அப்பால் ஆழ்கடலிலும் கோடையில் நீரோட்டம் வடக்கு நோக்கியே ஓடும். மீனவர் நீரோட்டத்தை வெள்ளம் என்பர். பிப்ரவரி முதல் மே வரை வடக்கே போகும் இது, அக்டோபரை ஒட்டித் தெற்கே திரும்பும். கரையோரச் சராசரிக் கடல்மட்டம் ஆண்டிலேயே மிக உயர்வது அந்தத் திருப்பத்துக்குப் பின், வடகிழக்குப் பருவத்தில்தான்.

கோடையின் வறட்சியை வரமாக்கிக்கொண்டவர்கள் உப்பளத் தொழிலாளர்கள். ஓதநீரைப் பாத்தியில் கட்டி, வெயிலும் காற்றும் வற்றவைக்கக் காத்திருப்பது தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் இம்மாதங்களின் முக்கியத் தொழில். 1930இல் இராஜாஜியின் உப்பு நடைப்பயணம் திருச்சியிலிருந்து புறப்பட்டு வேதாரண்யத்தை அடைந்ததும் சித்திரை மாதத்தில்தான். ஏப்ரல் 30ஆம் தேதி அங்கே உப்பு அள்ளப்பட்டது.

ஆண்கடலும் பெண்கடலும்

இராமேசுவரத்து மீனவர்கள் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும் அழைக்கின்றனர். தனுஷ்கோடி மணல்முனையில் நின்றால் இரண்டையும் ஒருசேரப் பார்க்கலாம். வைகாசிக்குப் பின் தென்மேற்குக் காற்று வலுக்கும்போது தெற்குப் பக்கம் கொந்தளிக்கும், வடக்குப் பக்கம் குளம்போல் கிடக்கும். வாடை தொடங்கினால் நிலை தலைகீழாகும். பாக் விரிகுடா ஆழம் மிகக் குறைந்தது என்பதால், காற்று அடித்தால் சிறு நேரத்தில் குறுகலான, நெருக்கமான அலைகள் எழும்பிப் படகை அலைக்கழிக்கும். ஆழக் கடலின் நீண்ட அலையைவிட இது சிறு படகுக்குக் கடினமானது.

ஜூன் மாதத்தில் மன்னார் வளைகுடாவுக்கு மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகக் காற்று என்ற எச்சரிக்கை அடிக்கடி வரும். இரு நிலப்பரப்புகளுக்கு இடையே காற்று நெருக்கப்பட்டு வேகம் பெறுவதால் வானம் தெளிந்திருக்கும்போதும் இது நிகழும்.

கள்ளக்கடல்

கோடைக் கடலின் மிகக் கொடிய நிகழ்வு காற்றே இல்லாத நாளில் வருவது. கேரளத்திலும் குமரி மேற்குக் கரையிலும் அதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் புயல்காற்று எழுப்பும் நீண்ட அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து, சில நாள் கழித்து இக்கரையை அடைகின்றன. ஓர் அலைமுகட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே 15 வினாடிக்கும் மேல் இடைவெளி இருக்கலாம். ஆழ்கடலில் அவற்றின் உயரம் எளிதில் புலப்படாது. கரையோர ஆழக்குறைவில் வேகம் குறைந்து, குவிந்து எழும்பி, வழக்கமாக நீர் எட்டாத இடத்தையும் அடித்துச் செல்லும். உவா ஓதத்தின் ஏற்ற நேரத்தோடு சேர்ந்தால் வீதிக்குள்ளும் நீர் புகும். சிறியது என்று மேலே சொன்ன ஓதம் பெரிதாவது இந்தச் சேர்க்கையில்தான்.

ஏப்ரல், மே மாதங்கள் இதற்குப் பேர்போனவை. உள்ளூரில் காற்றில்லை, மேகமில்லை, எந்த அறிகுறியும் இல்லை. 2024 மே 6ஆம் தேதி குமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் இறங்கிய பயிற்சி மருத்துவர்கள் ஐவர் இத்தகைய அலையில் சிக்கி உயிரிழந்தனர். அந்நாட்களில் எச்சரிக்கை வெளியாகியிருந்தது. ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இவ்வலைகளை முன்கூட்டியே கணித்து அறிவிக்கிறது. அறிவிப்பைக் கடற்கரை மணலில் நிற்கும் வெளியூர்க்காரரின் காதுவரை கொண்டுசேர்ப்பதில்தான் குறை இருக்கிறது.

தடைக்காலம்

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உண்டு. குமரி மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மீன் இனப்பெருக்கத்துக்காக வகுக்கப்பட்டது இது. நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடையில்லை. காற்றும் வெள்ளமும் பார்த்துக் கடலுக்குப் போகும் பொறுப்பு அந்த இரண்டு மாதமும் அவர்களுடையது.

விடுமுறையில் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போகிறவர்கள் நீரில் கால் வைக்குமுன் அன்றைய கடல் எச்சரிக்கையைப் பாருங்கள். அலை அமைதியாகத் தெரிந்தாலும், கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் இன்று இறங்கலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் இறங்காதீர்கள்.